கும்பினியின் ஜாதகம்

கம்பெனிகளுக்கும் மனிதர்களைப் போலவே பிள்ளைப் பருவம், வாலிபம், நடுவயது, கிழடு, சாவு எல்லாம் உண்டு என்று நிர்வாகவியல் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1972இல் லாரி கிரைனர் என்ற பேராசிரியர் இதைப் படம் போட்டு விளக்கினார். 1988இல் இச்சாக் அடிசெஸ் என்பவர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவர் கணக்கில் கம்பெனி கருவாவதற்கு முன்னாலேயே ஒரு காதல் கட்டம் இருக்கிறது. அப்புறம் தவழல், ஓட்டம், விடலைத்தனம், உச்சம், பிரபுத்துவம், கோப்புக்கட்டு, பாடை.

எல்லாம் சரி. ஆனால் வகுப்பில் காட்டும் உதாரணங்களில் பாதி இன்னும் உயிரோடு இருக்கின்றன, மீதியை வேறொரு கம்பெனி வாங்கி விழுங்கிவிட்டது. பிறந்த தேதியிலிருந்து செத்த தேதி வரைக்கும் ஒரு நாள் விடாமல் கடுதாசி எழுதி வைத்துவிட்டுப் போன கம்பெனி வேண்டுமானால், நம் பாட்டன்மார் ‘கும்பினி’ என்று பயபக்தியோடு சொன்னார்களே, அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிதான். ஜனனம் 31 டிசம்பர் 1600. மரணம் 1 ஜூன் 1874.

அடிசெஸ் சொல்லும் இத்தனை கட்டங்களுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. கும்பினியின் கடுதாசிகளைப் புரட்டினால் அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று அகப்படுகிறது. ஒரு கம்பெனிக்கு என்ன வயது என்று தெரிய வேண்டுமா? அங்கே யார் யாரிடம் திருடுகிறார்கள் என்று பாருங்கள்.

கரு உருவானது பொறாமையில். 1599 ஜூலையில் டச்சுக் கப்பல்கள் ஜாவாப் பக்கமிருந்து மிளகு மூட்டைகளோடு ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தன. போட்ட முதலுக்குப் பல மடங்கு லாபம். லண்டன் வியாபாரிகளுக்கு வயிறு எரிந்தது. செப்டம்பரில் கூடிப் பேசி, ஆளாளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று நோட்டில் பேர் எழுதினார்கள். எழுதினவர்கள் எல்லோரும் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அடுத்த வருஷக் கடைசி நாளில் எலிசபெத் ராணி சாசனம் தந்தார்: பதினைந்து வருஷத்துக்கு நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே இவர்களைத் தவிர வேறெந்த ஆங்கிலேயனும் வியாபாரம் செய்யக்கூடாது. அந்தப் பக்கத்தில் குடியிருந்த கோடிக்கணக்கான ஜனங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் கவர்னர் தாமஸ் ஸ்மித். நியமனமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, எசெக்ஸ் பிரபுவின் கலகத்தில் கூட்டு என்ற சந்தேகத்தில் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். இன்று ஒரு ஸ்டார்ட்அப்பில் இப்படி நடந்தால் முதலீட்டாளர்கள் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பார்கள். கும்பினியார் அலட்டிக்கொள்ளவில்லை. ஜான் வாட்ஸ் என்பவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஸ்பெயின் தூதரின் கணக்குப்படி, இந்த வாட்ஸ் இங்கிலாந்திலேயே பெரிய கடற்கொள்ளைக்காரர்.

ஆள் எடுப்பதில் மட்டும் அவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. அரசாங்கத்தில் ஒரு பெரிய மனிதர், எட்வர்ட் மிச்சல்போர்ன் என்ற கனவானுக்குக் கப்பலில் ஒரு வேலை போட்டுக்கொடுங்கள் என்று சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். கும்பினியார் பணிவாக மறுத்தார்கள்: எங்களுக்குக் கனவான்கள் வேண்டாம், எங்கள் தரத்து ஆட்களே போதும். அவர்கள் வாழ்நாளில் எடுத்த மிக உருப்படியான முடிவு இதுதான் என்பது என் கட்சி. இருநூறு வருஷம் கழித்து இதே கம்பெனியில் சிபாரிசு இல்லாமல் பேனாகூடக் கிடைக்காது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

‘மாலிஸ் ஸ்கர்ஜ்’ என்ற பேரில் கொள்ளைக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் ஒன்றை வாங்கி, ‘ரெட் டிராகன்’ என்று பேர் மாற்றி, ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் நான்கு கப்பல்களை 1601இல் அனுப்பினார்கள். லங்காஸ்டர் தன் கப்பல் ஆட்களுக்குத் தினமும் எலுமிச்சைச் சாறு கொடுத்தார். மற்ற மூன்று கப்பல்களில் ஆட்கள் ஸ்கர்வி கண்டு கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், இவர் கப்பலில் நிமிர்ந்து நின்றார்கள். கண்ணுக்கு முன்னால் நடந்த இந்த வித்தையைப் பிரிட்டிஷ் கடற்படை விதியாக ஏற்றுக்கொள்ளக் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆயிற்று. நல்ல யோசனை கீழேயிருந்து மேலே போகும் வேகம் அன்றும் அவ்வளவுதான்.

சுமத்ராவில் ஒரு சிக்கல். இங்கிலாந்துக் கம்பளித் துணியை அந்த வெயிலில் யாரும் சீந்தவில்லை. விற்க ஒன்றும் இல்லாமல் மிளகு வாங்குவது எப்படி? லங்காஸ்டர் மலாக்கா ஜலசந்தியில் காத்திருந்தார். சாந்தோமிலிருந்து துணிப்பொதிகளோடு வந்த ஒரு போர்ச்சுகீசியக் கப்பலை மடக்கி, இறக்க இறக்கத் தீராத அளவு சரக்கை எடுத்துக்கொண்டார். அதாவது கும்பினியின் முதல் ‘கொள்முதல்’, மயிலாப்பூர்ப் பக்கத்துத் துணி, விலை பூஜ்யம். இந்தக் கட்டத்தில் கம்பெனி ஆட்கள் கம்பெனிக்காக அடுத்தவனிடம் திருடினார்கள். ஆரோக்கியமான குழந்தை.

1603இல் திரும்பி வந்தால் ராணி போய்ச் சேர்ந்துவிட்டார், லண்டனில் பிளேக், புது ராஜா ஜேம்ஸ் தன்னிடம் கிடந்த மிளகை முதலில் விற்றாக வேண்டும் என்கிறார். மிளகு தேங்கிவிட்டது. பங்குதாரர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக மிளகையே பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். கோட்டும் தொப்பியுமாக ஒரு சீமான் மிளகு மூட்டையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி என்ன சொல்லியிருப்பார் என்பது எந்தக் கடுதாசியிலும் பதிவாகவில்லை.

பல வருஷம் வரை இது ஒரே கம்பெனிகூட இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் தனி முதல், தனிக் கணக்கு. ஒரு பயணத்து ஏஜெண்டும் இன்னொரு பயணத்து ஏஜெண்டும் ஜாவாவின் பாண்டமில் ஒரே சந்தையில் ஒரே மிளகுக்குப் போட்டி போட்டு விலையை ஏற்றினார்கள். இன்றும் ஒரே கம்பெனியின் இரண்டு விற்பனைக் குழுக்கள் ஒரே வாடிக்கையாளர் வாசலில் முட்டிக்கொள்வதுண்டு, ஆனால் அவர்களாவது ஒரே அடையாள அட்டை மாட்டியிருப்பார்கள்.

இனி நம் ஊர். 1639இல் பிரான்சிஸ் டே என்ற ஊழியர் ஆர்மகானிலிருந்து தெற்கே வந்து, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசப்பட்டினத்து மணல்வெளியை எழுதி வாங்கினார். துறைமுகம் கிடையாது. கரையில் பேயாட்டம் ஆடும் அலை, படகு கவிழாமல் இறங்கினால் அதிர்ஷ்டம். இந்த இடத்தைப் போய் ஏன் பிடித்தார்? இங்கே துணி மலிவு என்று டே எழுதினார். சாந்தோமில் அவருக்கு ஒரு பெண் சிநேகிதம் இருந்தது, போய்வர வசதி பார்த்தார் என்று ஊர் சொன்னது. கம்பெனி விவகாரங்களில் அதிகாரபூர்வக் காரணமும் நிஜக் காரணமும் ஒரே வண்டியில் போவதில்லை என்பதால், இரண்டையும் குறித்து வைக்கிறேன்.

கோட்டைச் செலவுக் கணக்கைப் பார்த்து மேலிடம் கொதித்தது. யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று டேயை லண்டனுக்கு வரவழைத்தார்கள். அவர் போனார், என்னவோ சொன்னார், திரும்பி வந்தார்; 1643இல் அவரே மதராஸ் ஏஜெண்ட். அனுமதி கேட்காமல் செய்துவிட்டு அப்புறம் விளக்கம் எழுதுகிறவன் முன்னுக்கு வருவான் என்ற பாடத்தை மதராஸ் கோட்டையில் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

அதற்கு வசதி செய்து கொடுத்தது காற்று. லண்டனிலிருந்து மதராசுக்குக் கப்பல் வர ஆறிலிருந்து எட்டு மாதம். ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஒன்றரை, இரண்டு வருஷம். தலைமையகம் ‘செய்யாதே’ என்று எழுதிய கடிதம் வந்து சேரும்போது, காரியம் முடிந்து, லாபத்தைப் பிரித்து, செய்தவன் கலியாணமும் பண்ணிக்கொண்டிருப்பான்.

சம்பளத்தையும் சொல்ல வேண்டும். மதராஸில் புதிதாக வரும் ரைட்டருக்கு, அதாவது கடைநிலைக் குமாஸ்தாவுக்கு, வருஷத்துக்கு ஐந்து பவுண்டு. மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு. அதில் எவனும் வாழ முடியாது என்பது கொடுப்பவர்களுக்கும் தெரியும். ஆகவே, கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கு இடையே சொந்த வியாபாரம் செய்துகொள்ளலாம் என்று ஒரு சலுகை. கம்பெனி சரக்கு ஒரு மூட்டை ஏறும் கப்பலில் ஊழியர் சரக்கு இரண்டு மூட்டை ஏறும். துபாஷிகள் என்ற உள்ளூர்த் தரகர்கள் முதல் போடுவார்கள், ரைட்டர்கள் கும்பினி முத்திரையைப் போடுவார்கள். கம்பெனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு திருடும் கட்டம் இது. வாலிபம் வந்துவிட்டது.

இந்த வாலிபத்தின் நாயகன் எலிஹு ஏல். 1672இல் சாதாரண ஊழியராக மதராஸ் வந்து, 1687இல் தலைமைப் பதவிக்கு வந்தார். அவர் காலத்தில் 1690இல் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். எல்லை எதுவரை? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை. கும்பினியார் இருந்ததிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்து வைத்து எல்லாத் திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பேர் வந்தது. சர்வேயர், சங்கிலி, பட்டா எந்த வம்பும் இல்லை. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நின்று பழகியவர்களுக்கு இந்த முறையின் அருமை புரியும்.

ஏல் சொந்த வியாபாரத்தில் குவித்த சொத்து அளவு மீறிப் போனதால் 1692இல் பதவியைப் பிடுங்கினார்கள். ஊர் போய்ச் சேர்ந்தவர், 1718இல் அமெரிக்காவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் புத்தகம், ஒரு ராஜா படம், ஒன்பது பொதி சரக்கு தானம் கொடுத்தார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு வந்தது. பள்ளிக்கூடம் நன்றியில் அவர் பேரையே வைத்துக்கொண்டது. இன்று ஏல் பல்கலைக்கழகம் என்றால் உலகமே எழுந்து நிற்கிறது. ஊழலுக்காக வேலை போனவர்களில் இவ்வளவு மலிவாக இவ்வளவு நல்ல பேர் வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

அடுத்து தாமஸ் பிட். இவர் முதலில் கும்பினியின் எதிரி. சாசனத்தை மதிக்காமல் கள்ள வியாபாரம் செய்தவர். பிடித்தார்கள், அபராதம் போட்டார்கள், அடங்கவில்லை. கடைசியில், 1698இல் அவரையே மதராஸ் கவர்னராக்கிவிட்டார்கள். போட்டிக்காரனை விலைக்கு வாங்குவது என்று இதற்கு இன்று மரியாதையான பேர் இருக்கிறது. கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் 410 காரட் கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கி, 1717இல் பிரான்ஸ் நாட்டு ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். இவருடைய கொள்ளுப் பேரனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1744இல் மதராசுக்கு வந்து இறங்கினான் ஐந்து பவுண்டு ரைட்டர் ஒருவன். ராபர்ட் கிளைவ். கணக்கு எழுதுவதில் விருப்பம் இல்லை, யாரோடும் ஒட்டவில்லை, வாழ்க்கையே வெறுத்துக் கிடந்தான். இரண்டு வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். வேஷம் போட்டுக்கொண்டு கடலூருக்குத் தப்பியோடினான். அங்கே பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். 1751இல் ஆற்காட்டு முற்றுகை, 1757இல் பிளாசிப் போர், 1765இல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை. மிளகு விற்க வந்த கம்பெனி, இரண்டு கோடிப் பேருக்குத் தாசில்தார் ஆகிவிட்டது. இவ்வளவையும் லண்டனில் ஒரு ஒடுக்கமான கட்டிடத்தில் சில டஜன் குமாஸ்தாக்கள் பேரேட்டில் பதிந்துகொண்டிருந்தார்கள்.

கிளைவ் அடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பிளாசிப் பணம் அல்ல. கல்கத்தாவைச் சுற்றிய இருபத்துநான்கு பர்கனாக்களுக்குக் கும்பினி ஜமீன்தார். வருஷா வருஷம் வங்காள நவாப்புக்குக் குத்தகை கட்ட வேண்டும். அந்தக் குத்தகை வரும்படியை நவாப், கிளைவுக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்துவிட்டார். விளைவு: கம்பெனி தன் சொந்த ஊழியருக்கு வருஷத்துக்கு 27,000 பவுண்டு வாடகை கட்டியது. முதலாளி மாதம் பிறந்தால் சிப்பந்தியின் வீட்டு வாசலில் போய் நிற்கும் காட்சி. பிற்பாடு பாராளுமன்றம் கூப்பிட்டு விசாரித்தபோது, கஜானாவுக்குள் நின்றும் இவ்வளவு கொஞ்சமாக எடுத்துக்கொண்டேனே என்று தன் அடக்கத்தைத் தானே வியந்துகொண்டார் கிளைவ்.

இது கம்பெனியிடமே திருடும் கட்டம். அடிசெஸ் இதைத்தான் உச்சம் என்று சொல்வாரோ என்னவோ.

1769–70இல் வங்காளத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் செத்தார்கள். 1771இல் வசூலான வரி, பஞ்சத்துக்கு முந்தைய 1768ஆம் வருஷத்து வசூலைவிட அதிகம் என்று வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே எழுதி வைத்திருக்கிறார். அதே வருஷம் பங்குதாரர்களுக்கு லாப ஈவை நூற்றுக்குப் பன்னிரண்டரை ஆக்கினார்கள். இதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அடுத்த கணக்குக்குப் போகிறேன்.

உலகத்திலேயே பணக்கார மாகாணத்தின் வரி கையில் இருந்தும் 1772இல் கும்பினி திவாலாகும் நிலைக்கு வந்தது. எப்படி? வருமானம் ஊழியர் பைக்கு, ராணுவச் செலவு கம்பெனி தலைக்கு, ஈவு கடன் வாங்கி. லண்டனில் விற்காத தேயிலை மலையாகக் கிடந்தது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டவில்லை. பதிலுக்கு அரசாங்கத்திடமே கடன் கேட்டார்கள். விழவிட்டால் நாட்டின் வங்கிகளும் சேர்ந்து விழும் என்று பயந்து, 1773இல் பதினான்கு லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். தேங்கிய தேயிலையை அமெரிக்காவில் தள்ளிவிடச் சட்டமும் போட்டார்கள். டிசம்பரில் பாஸ்டன்காரர்கள் 342 பெட்டியைக் கடலில் கொட்டினார்கள். கிடங்கைக் காலி செய்யப் போன இடத்தில் ஒரு கண்டமே கைவிட்டுப் போயிற்று.

வங்காளத்தை விட்டு மதராசுக்கு வாருங்கள், இங்கேதான் ஊழியர்களின் கற்பனை வளம் சிகரம் தொட்டது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, தனக்காகக் கும்பினி நடத்திய சண்டைகளுக்குப் பணம் பாக்கி. கும்பினி கழுத்தைப் பிடித்தது. நவாப் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியிருந்தார், கையில் காசில்லை. கும்பினி ஊழியர்கள் ஓடோடி வந்து, பாவம், நாங்கள் தருகிறோம் என்றார்கள். வட்டி நூற்றுக்கு 36 வரை போனது. அடமானம், ஜில்லாக்களின் வரி வசூல். ஆக, பகலில் கும்பினி ஆபீசில் உட்கார்ந்து நவாப்பே கடனைக் கட்டு என்று கடிதம் எழுதுகிறவரும், ராத்திரி மாளிகைப் பின்வாசலில் நின்று அந்தக் கடனுக்குக் கடன் கொடுப்பவரும் ஒரே ஆள். நவாப் ஒருநாளும் கடனை அடைத்துவிடக்கூடாது என்பதில் கும்பினியைத் தவிர எல்லோருக்கும் ஒருமித்த கருத்து. வட்டி முழுக்க நெல் அறுத்தவன் களத்திலிருந்து போயிற்று.

இந்தக் கலையின் சக்கரவர்த்தி பால் பென்ஃபீல்டு. வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளக்காரர். தஞ்சாவூர்ச் சீமையின் விளைச்சல்மேலும் வரிமேலும் தனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் வரவேண்டும் என்று ஒருநாள் கணக்கு நீட்டினார். சிறுவாட்டுப் பணமாம்.

நீட்டிய சமயம்தான் சங்கடம். லண்டன் டைரக்டர்கள் உத்தரவுப்படி, கவர்னர் பிகாட் பிரபு 1776இல் நவாப் கைக்குப் போயிருந்த ராஜ்யத்தைத் தஞ்சாவூர் ராஜாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ராஜ்யம் ராஜாவுக்குப் போனால் அடமானம் என்னாவது? கவுன்சில் இரண்டாகப் பிளந்தது. பிகாட் எதிர்க்கட்சி மெம்பர்களைச் சஸ்பெண்டு செய்தார். மெம்பர்கள் கூடிக் கவர்னரையே கைது செய்ய முடிவெடுத்தார்கள். வேலையை ஏற்றுக்கொண்ட கர்னல் ஸ்டூவர்ட், ஆகஸ்டு 24ஆம் தேதி பிகாட்டோடு சேர்ந்து சாப்பிட்டார், மாலையில் அவருடைய வண்டியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு போனார். வழியில் சிப்பாய்கள் மறித்ததும், இறங்குங்கள் ஐயா என்றார். மேலதிகாரியை வெளியேற்றுவதில் இவ்வளவு நாசூக்கை எந்த எச்.ஆர். துறையும் இன்றுவரை எட்டவில்லை.

பிகாட் காவலிலேயே 1777 மே மாதம் செத்துப்போனார். அவரைத் திரும்பப் பதவியில் அமர்த்தும் லண்டன் உத்தரவு வழக்கம்போல அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. கைது செய்த கவுன்சிலர்களுக்கு இங்கிலாந்தில் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம். பென்ஃபீல்டு? பாராளுமன்ற மெம்பர் ஆனார். நவாப் கடன் என்ற பேரில் வந்த பத்திரங்களை அலசுவதற்கே தனிக் கமிஷன் போட்டு வருஷக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது, பெரும்பகுதி போலி.

இத்தனை கூத்துக்குப் பிறகு 1784இல் கும்பினிக்கு மூக்கணாங்கயிறு போட்டார்கள். டைரக்டர்கள் எழுதும் கடிதத்தை அரசாங்க வாரியம் பார்த்துத் திருத்தி அனுப்ப வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் இளைய வில்லியம் பிட். நம் வைர பிட்டின் கொள்ளுப் பேரன். கும்பினியை ஏய்த்துச் சம்பாதித்த குடும்பத்தைவிட அதைக் கட்டிப்போடத் தகுதியானவர்கள் யார்? ஹேஸ்டிங்ஸ்மேல் 1788இல் வழக்குத் தொடங்கி ஏழு வருஷம் இழுத்து விடுதலை செய்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒருவரை நிற்கவைத்துத் திட்டித் தீர்ப்பது அமைப்புகளுக்கு ஒரு பேதி மருந்து போல; குடித்ததும் உடம்பு லேசாகிவிடும்.

கவர்னர் ஜெனரலாகக் காரன்வாலிஸ் வந்து சம்பளத்தைத் தாராளமாக ஏற்றி, சொந்த வியாபாரத்தை நிறுத்தி, பெரிய உத்தியோகங்களில் இந்தியர் யாரும் கூடாது என்று கதவையும் சாத்தினார். திருட்டு குறைந்தது. குறைந்ததும் கும்பினி நடுவயதுக்கே உரிய அடுத்த வியாதிக்கு ஆளாயிற்று: சர்க்குலர்.

மதராஸ் ராணுவத் தலைமையில் யாருக்கோ சிப்பாய்களின் தோற்றம் ஒரே சீராக இல்லை என்று உறுத்தியது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி எடுக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும். சிப்பாய்கள் மாட்டோம் என்றார்கள். சவுக்கடி விழுந்தது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டை வெடித்தது. நூற்றுக்கணக்கில் உயிர் போனபின் தலைப்பாகையை வாபஸ் வாங்கினார்கள். கவர்னர் பெண்டிங்கைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1828இல் அதே பெண்டிங் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். பிரான்சிஸ் டே காலத்துப் பாடம் பழுதாகாமல் இருந்தது.

அதன்பின் பிரபுத்துவம். லெடன்ஹால் வீதியில் தூண் வைத்த மாளிகை. இருபத்துநான்கு டைரக்டர்கள், ஒவ்வொருவர் கையிலும் வருஷத்துக்கு இத்தனை நியமனம் என்று சீட்டு. பெண்ணுக்கு மாப்பிள்ளை, தங்கை பிள்ளை, ஓட்டுப் போட்டவர் மருமகன் எல்லோருக்கும் அதிலிருந்து கிழித்துக் கொடுப்பார்கள். சீட்டை விலைக்கு விற்பது சட்டப்படி குற்றம் என்பதால் விலை கொஞ்சம் கூடுதல். 1806இல் பையன்களுக்கு ஹெய்லிபரி கல்லூரி. பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் மால்தஸ். உணவைவிட வேகமாக ஜனம் பெருகும் என்று கவலைப்பட்ட அதே மால்தஸ். பஞ்சம் பார்த்த கம்பெனிக்குப் பொருத்தமான வாத்தியார்.

மாளிகைக்குள் உட்கார்ந்து எழுதியவர்கள் சாமானியர் அல்ல. கட்டுரையாளர் சார்லஸ் லாம் 1792 முதல் 1825 வரை கணக்குப் பிரிவில் இருந்தார். காலையில் தாமதமாக வருவதாகக் குறை சொன்னார்கள். அதை ஈடுகட்டச் சாயங்காலம் சீக்கிரம் போய்விடுகிறேனே என்றாராம். நாவலாசிரியர் பீகாக் ஒரு மேஜையில். இன்னொரு மேஜையில் ஜேம்ஸ் மில்; இந்தியாவை ஒருமுறைகூடப் பார்க்காமல் இந்திய வரலாற்றை எழுதி, பார்க்காதது ஒரு தகுதி என்று முன்னுரையில் வாதாடி, அந்தப் பலத்திலேயே 1819இல் இந்த வேலைக்கு வந்தவர். அவர் பிள்ளை ஜான் ஸ்டூவர்ட் மில்லும் பதினேழு வயதில் அப்பா ஆபீசில் சேர்ந்துவிட்டார். மனித சுதந்திரத்தைப் பற்றி உலகம் மெச்ச எழுதிய அந்தக் கைதான் முப்பத்தைந்து வருஷம் சமஸ்தானங்களுக்கு உத்தரவும் எழுதியது. இங்கே யாரும் திருடவில்லை. திருட அவசியம் இல்லை; பென்ஷன் அவ்வளவு நன்றாக இருந்தது.

1813இல் இந்திய வியாபார ஏகபோகம் போயிற்று. சீனத் தேயிலை மட்டும் மிச்சம். தேயிலைக்குச் சீனன் வெள்ளி கேட்டான். கும்பினி அபினி விளைவித்தது. கல்கத்தாவில் ஏலம் விட்டுவிடும், வாங்கியவர்கள் தங்கள் கப்பலில் கடத்திப் போவார்கள். கும்பினிக்குக் கை சுத்தம்.

1833இல் பாராளுமன்றம் போட்ட சட்டம் நிர்வாகவியல் வரலாற்றிலேயே ஓர் அதிசயம். இந்த வியாபாரக் கம்பெனி இனிமேல் வியாபாரமே செய்யக்கூடாது. சரக்கு வாங்காதே, விற்காதே, கப்பல் வைக்காதே. சரி, பங்குதாரர்களுக்கு ஈவு? அது நூற்றுக்குப் பத்தரை, வருஷம் தவறாமல், நாற்பது வருஷத்துக்கு உத்தரவாதம், இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து. விற்பனை இல்லை, நஷ்டம் இல்லை, வாடிக்கையாளர் இல்லை, புகார் இல்லை. தஞ்சாவூரில் வெள்ளம் வந்தால் என்ன, குண்டூரில் பஞ்சம் வந்தால் என்ன, லண்டனில் ஆறு லட்சத்து முப்பதாயிரம் பவுண்டு டாண் என்று விழும். முதலில் கண்ட அயலான், பிறகு கம்பெனி, பிறகு நவாப் என்று ஆளாளிடம் கைவைத்து வந்தவர்கள், கடைசியில் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவாக உட்கார்ந்துவிட்டார்கள்.

1857இல் சிப்பாய்கள் எழுந்தார்கள். இம்முறை தலைப்பாகை அல்ல, தோட்டா. வேலூர் ஃபைல் எந்த அலமாரியில் இருந்ததோ தெரியாது. புரட்டினவர் யாரும் இல்லை. அடுத்த வருஷம் ராஜ்யத்தை விக்டோரியா ராணி எடுத்துக்கொண்டார். கம்பெனியைக் கொல்லாதீர்கள் என்று டைரக்டர்கள் சார்பில் மனு எழுதிக் கொடுத்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். அழகான மனு. பலிக்கவில்லை. 1861இல் மாளிகையை இடித்தார்கள். இன்று அந்த மனையில் நிற்பது லாயிட்ஸ் இன்சூரன்ஸ் கட்டிடம்.

சாகவில்லையே என்கிறீர்களா? ஆமாம். ராஜ்யம் போன பிறகு, ராணுவமும் கட்டிடமும் போயும், பதினாறு வருஷம் கும்பினி உயிரோடு இருந்தது. ஒரே வேலை: ஈவு பட்டுவாடா. 1833 சட்டத்தின் நாற்பது வருஷக் கெடு முடியும்வரை அதைச் சாகடிக்கச் சட்டத்தில் இடமில்லை. 1873இல் ஒரு சட்டம் போட்டு, நூறு பவுண்டுப் பங்குக்கு இருநூறு பவுண்டு என்று கணக்குத் தீர்த்து, 1874 ஜூன் முதல் தேதி பேரேட்டை மூடினார்கள். பங்கு முதல் அறுபது லட்சம் பவுண்டு. பைசல் தொகை அதைப்போல் இரண்டு பங்கு. கடைசிப் பங்குதாரர்களில் யாரும் மிளகு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.